எக்ஸ்-ரே போதுமா, எம்.ஆர்.ஐ. வேண்டுமா?

மடிப்பாக்கத்தில் நாங்கள் ஷட்டில் ஆடும் கோர்ட்டில் போன வருடம் ஒரு நாள் இரவு, பின்கோட்டிலிருந்து எம்பி அடிக்கப்போன எங்கள் குழுவின் மூத்தவர் சட்டென்று திரும்பிப் பார்த்து, "யாருடா பின்னாடி உதைச்சது?" என்றார். பின்னால் யாருமே இல்லை. குதிகாலுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐ.டி. வேலை, ஐம்பதை நெருங்கும் வயது, கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ். ஆகவே அவர் கேட்ட முதல் கேள்வியே, "நல்ல எம்.ஆர்.ஐ. எங்க எடுக்கலாம்?" என்பதுதான்.

மறுநாள் காலை எலும்பு டாக்டர் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கெண்டைக்கால் சதையை இரண்டு முறை அமுக்கினார். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசைந்தது. அடிபட்ட காலில் அசையவே இல்லை. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண் அறுந்துவிட்டது என்று சொல்ல அவருக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது. அறுந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது, பாதத்தைக் கீழே மடக்கினால் அவை ஒன்று சேர்கின்றனவா என்று பார்க்க ஒரு அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுத்தார். எம்.ஆர்.ஐ. எடுக்கவே இல்லை. நண்பருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

எனக்கு நடந்தது நேர்மாறு. மழை நாளில் வேளச்சேரியில் ஸ்கூட்டர் சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்புக்கு ஒண்ணும் இல்ல, சுளுக்குதான்" என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள். மூன்று வாரம் ஆகியும் தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் ஃபிலிமைக் கையில் வாங்குவதற்கு முன்னால், கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் விழும் சின்னக் குழியில் தன் விரலை வைத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பில் விரிசல் தெளிவாகத் தெரிந்தது.

ஒருவருக்குப் பெரிய ஸ்கேனே தேவைப்படவில்லை, இன்னொருவருக்குச் சின்னப் படம் ஏமாற்றிவிட்டது. இரண்டு இடத்திலும் வழி காட்டியது ஒரு விரல். அதிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது: வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்காமல் ஸ்கேன் எழுதும் சீட்டை நான் மதிப்பதில்லை. எங்கே வலிக்கிறது, அங்கே என்ன திசு இருக்கிறது, அடிபட்டு எத்தனை நாள் ஆயிற்று, படம் வந்தபின் சிகிச்சை மாறுமா என்ற நாலும் தெரிந்தால், எந்த மெஷின் என்பது பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும்.

இதில் "என்ன திசு" என்பதற்கு நம் ஊரில் ஒரு தடை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் "ஜவ்வு" என்று ஒரே சொல். எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டும் லிகமென்டும் ஜவ்வு, முழங்காலுக்குள் திண்டு போல இருக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வு, முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கும் ஜவ்வு. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைக்கூட சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். "ஜவ்வு கிழிஞ்சிருக்கு, எம்.ஆர்.ஐ. எடுங்க" என்று யாராவது சொன்னால், "எந்த ஜவ்வு சார்?" என்று கேட்டுவிடுங்கள். தோளிலோ குதிகாலிலோ இருக்கும் தசைநாண் என்றால் அல்ட்ராசவுண்டே போதுமானதாக இருக்கலாம். முழங்காலின் உள்ளே என்றால் எம்.ஆர்.ஐ.க்கு மாற்று இல்லை.

முதலில் எக்ஸ்-ரே. 1895இல் ரான்ட்கன் கண்டுபிடித்த இந்தக் கதிர், உடைந்த எலும்புக்கும் நழுவிய மூட்டுக்கும் இன்றைக்கும் முதல் பரிசோதனைதான். சில நூறு ரூபாய், பத்து நிமிடம், வேலை முடிந்தது. கதிர்வீச்சுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு, அதை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள்: கை, கால் எக்ஸ்-ரே ஒன்றில் உடம்புக்குப் போவது சுமார் 0.001 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் மனிதர்களுக்கு இயற்கையாக வரும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். அதாவது கை எக்ஸ்-ரே என்பது நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலே சில மணி நேரத்தில் வாங்கிக்கொள்ளும் அளவு. இடுப்பு முதுகெலும்பு எக்ஸ்-ரே அப்படியில்லை. அது ஏறக்குறைய 1.5 மில்லிசீவர்ட், பாதி வருடத்துக்கும் மேலான கணக்கு. "முதுகு வலிக்குது, ஒரு எக்ஸ்-ரே எடுத்துடலாம்" என்று போவதற்கு முன்னால் இந்த வித்தியாசத்தை யோசிக்கலாம்.

கணுக்கால் மடங்கினால் எக்ஸ்-ரே வேண்டுமா என்பதற்கே ஒரு நல்ல விதி இருக்கிறது. கனடாவின் ஆட்டவாவில் மருத்துவர் இயன் ஸ்டீலும் குழுவினரும் 1992இல் வெளியிட்டது. கணுக்காலின் இரு பக்கமும் முட்டிக்கொண்டிருக்கும் எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ, கீழ் 6 செ.மீ.க்குள் அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்கால் பகுதியில் வலியோடு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் எக்ஸ்-ரே. பாதத்தின் நடுவில் வலி என்றால் சுண்டுவிரல் பக்க எலும்பின் அடியையும், உள்பக்கம் இருக்கும் நேவிகுலர் எலும்பையும் அழுத்திப் பார்ப்பார்கள். எதிலும் வலி இல்லை, நொண்டிக்கொண்டாவது நாலு அடி நடக்க முடிகிறது என்றால், முறிவு இருக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஐஸ், ஓய்வு, காலை உயர்த்தி வைத்தல், அவ்வளவுதான். நம் ஊருக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்க வேண்டும். நெடுநாள் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்த விதியை நம்ப முடியாது. வலி தெரியாமலே உடைந்த எலும்போடு அவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள்.

எக்ஸ்-ரே எடுக்கும்போது குறைந்தது இரண்டு கோணம் வேண்டும், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒரே கோணத்தில் ஒரு முறிவு எலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். காசு மிச்சம் என்று ஒரே படத்தோடு அனுப்பினால் அது பாதி எக்ஸ்-ரே. முழங்கால் தேய்மானத்துக்கு என்றால் நின்றபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். படுத்துக்கொண்டு எடுத்தால் உடம்பின் எடை மூட்டின் மேல் விழாது, குறைந்துபோன இடைவெளிகூட நன்றாக இருப்பது போலத் தெரியும். மாம்பலத்தில் என் பெரியம்மாவுக்கு ஒரே வாரத்தில் படுத்தும் நின்றும் எடுத்த இரண்டு படங்களை வைத்துப் பார்த்தபோது, அவை வேறு வேறு ஆளின் முழங்கால் என்றே நினைத்தேன்.

எக்ஸ்-ரே தோற்கும் இடங்கள் தெரிந்தவைதான். ஜவ்வும் நாணும் அதில் தெரியாது. மெல்லிய விரிசல் முதல் நாளில் தெரியாமல் போகலாம். என் மணிக்கட்டில் நடந்தது இதுதான். ஸ்கேஃபாய்டு முறிவுகளில் சில முதல் எக்ஸ்-ரேயில் தப்பிவிடும். 10 முதல் 14 நாள் கழித்து, முறிந்த விளிம்பில் எலும்பு கொஞ்சம் கரைந்த பிறகு கோடு தெரிய ஆரம்பிக்கும். அதனால் அந்தக் குழியில் வலி இருந்தால், படம் சுத்தமாக இருந்தாலும் கட்டைவிரலைச் சேர்த்துக் கட்டுப்போட்டு, இரண்டு வாரத்தில் மறுபடி எடுப்பது பழைய முறை. வசதி இருந்தால் முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுப்பது புதிய முறை. எதையும் செய்யாமல் சுளுக்கு என்று அனுப்புவதுதான் தவறான முறை. அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் முறிந்தால் பின் துண்டுக்கு ரத்தம் கிடைக்காமல் அது செத்துப்போகும் ஆபத்து உண்டு. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் கட்டைப் பிரிக்க மூன்று மாதம் ஆனது.

ஓட்டக்காரர்களுக்கும் நடனம் ஆடுகிறவர்களுக்கும் வரும் அழுத்த முறிவும் இதே ரகம். ஜனவரி மாரத்தானுக்காக அக்டோபரில் திடீரென்று தூரத்தைக் கூட்டுகிறவர்கள், மார்கழிக் கச்சேரிக்காக சிமெண்ட் தரையில் மணிக்கணக்கில் தட்டும் பரதநாட்டியப் பிள்ளைகள் எல்லோரும் ஆபத்து வரிசையில்தான் இருக்கிறார்கள். கணைக்கால் எலும்பில் விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் வலி, ஆடும்போது கூடுகிறது, விட்டால் குறைகிறது என்றால், முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்-ரே ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதை அதற்கு முன்பே காட்டிவிடும். முன்பெல்லாம் இதற்கு எலும்பு ஸ்கேன் என்ற ஒன்றை எழுதுவார்கள். ஊசி மூலம் கதிரியக்க மருந்து ஏற்றி எடுப்பது. இப்போது இந்த வேலைக்கு அது அநேகமாக ஓய்வு பெற்றுவிட்டது.

இந்த இடத்தில், எலும்பு முறிவுக்கு நாட்டு முறையில் போடும் புத்தூர் கட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் சென்னைக்காரன் எழுதியதாகவே இருக்காது. ஆந்திராவின் புத்தூர் பெயரில் நகரெங்கும் போர்டுகள் தொங்குகின்றன. எங்கள் தெருவில் பாதிப் பேர் முதலில் அங்கேதான் போகிறார்கள். போவதும் போகாததும் அவரவர் விருப்பம், அதில் நான் சண்டைக்கு வரவில்லை. கட்டுப்போடுவதற்கு முன்னால் ஒரு எக்ஸ்-ரே எடுத்துவிடுங்கள் என்பதே என் கோரிக்கை. முறிவு மூட்டுக்குள் போகிறதா, எலும்பு விலகியிருக்கிறதா என்பது கையால் தடவினால் தெரியாது. குழந்தைகளுக்கு எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது, அது நகர்ந்திருந்தால் கை கோணலாக வளரலாம். கட்டு எதுவானாலும், விரல்கள் மரத்துப்போனாலோ நீலமானாலோ விரலை லேசாக நீட்டினாலே உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, எக்ஸ்-ரே, ஸ்கேன் எதற்கும் காத்திருக்காமல் உடனே கட்டைத் தளர்த்தி அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

அல்ட்ராசவுண்டை நம் ஊரில் மூட்டுக்கு யாரும் நினைப்பதே இல்லை. ஸ்கேன் என்றால் கர்ப்பம் அல்லது வயிறு. ஆனால் தோலுக்கு அருகில் இருக்கும் நாண்களைப் பார்க்க இதைப் போல ஒன்று கிடையாது. மற்ற மெஷின்கள் அசையாத படத்தைக் கொடுக்கும். இதில் டாக்டர் உங்கள் கையைத் தூக்கச் சொல்லி, மடக்கச் சொல்லி, நாண் எங்கே சிக்குகிறது என்று நேரிலேயே பார்க்கிறார். வலிக்கும் இடத்திலேயே கருவி நிற்கிறது. கதிர்வீச்சு இல்லை, உலோகம் இருந்தாலும் கவலை இல்லை, குழந்தையை மயக்க வேண்டியதில்லை. தோளைச் சுற்றியுள்ள நாண் முழுதாகக் கிழிந்திருப்பதைக் கண்டுபிடிப்பதில், தேர்ந்த கையில் அல்ட்ராசவுண்ட் எம்.ஆர்.ஐ.க்குக் கிட்டத்தட்ட சமம். கையில் தேர்ச்சி இல்லையென்றால் அது வெறும் சாம்பல் நிறப் புகைமூட்டம். ஆகவே சென்டருக்குப் போன் போட்டு, "மூட்டு, தசை ஸ்கேன் பார்க்கிற டாக்டர் எந்த நாளில் வருவார்?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். "எப்ப வேணாலும் வாங்க சார்" என்றால் நான் வேறு இடம் பார்ப்பேன்.

விளையாட்டுத் திடலுக்கே ஒரு சின்ன அல்ட்ராசவுண்டைக் கொண்டுவந்து பார்க்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். வெளிநாட்டில் செய்கிறார்கள். இங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுப்பதற்காக, ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் மெஷினையும் பதிவு செய்தாக வேண்டும். நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. முழங்கையைக் காட்டப் போன இடத்தில் ஆணா பெண்ணா சொல்லமாட்டோம் என்று போர்டு இருப்பது அதனால்தான்.

சி.டி. ஸ்கேனைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. எலும்பை முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டும், அறுவை சிகிச்சைக்குத் திட்டம் போட வேண்டும் என்றால் அதுதான். சாரத்திலிருந்து விழும் பெயிண்டர்கள், கட்டடத் தொழிலாளிகளுக்குக் குதிகால் எலும்பு அப்பளம் போல நொறுங்கும். எத்தனை துண்டு, மூட்டின் பரப்பு எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை சி.டி. சில நொடிகளில் காட்டிவிடும். அப்படிக் குதிகால் ஊன்றி விழுந்தவரின் முதுகெலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள், அந்த அடி மேலே வரை ஏறியிருக்கலாம். முழங்காலுக்குக் கீழே மூட்டுப் பரப்பு உடைந்த பைக் விபத்துகளுக்கும் இதே சி.டி.தான். சாலை விபத்து என்றால், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பணத்தை நினைத்து ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது எம்.ஆர்.ஐ. ஆசைப்படுகிறவர்களும் அதிகம், ஏமாறுகிறவர்களும் அதிகம். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற லிகமென்ட், மெனிஸ்கஸ், குருத்தெலும்பு, எலும்புக்குள் ஏற்பட்ட ரத்தக்கட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் டர்ஃப் மைதானத்தில் கால்பந்து ஆடும்போது முழங்கால் திரும்பி, "டப்" என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கிவிட்டால் எம்.ஆர்.ஐ. கேட்பதில் தவறே இல்லை. முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால் அவசரமும் கூட, கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் மாட்டியிருக்கலாம்.

"3 டெஸ்லாவா, 1.5 டெஸ்லாவா?" என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். காரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று என் அப்பா நினைத்துக்கொண்டார். எம்.ஆர்.ஐ. காந்தத்தால் படம் எடுக்கும் மெஷின், டெஸ்லா என்பது அந்தக் காந்தத்தின் வலிமையை அளக்கும் அலகு. 1.5 என்பதே பூமியின் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்குக்கு மேல். சாதாரண முழங்கால், முதுகு, தோளுக்கு 1.5 தாராளம். மணிக்கட்டு, விரல் போன்ற சின்ன இடங்களில் 3 உதவும். படத்தைப் பார்த்து எழுதும் ரேடியாலஜிஸ்ட் மூட்டுப் படங்களில் பழகியவரா என்பதற்கு நான் அதைவிட அதிக மதிப்புக் கொடுப்பேன்.

அந்தக் காந்தம் விளையாட்டுப் பொருள் இல்லை. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், ஆக்ஸிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போன இளைஞர் உள்ளே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். ஆகவே சென்டரில் கேட்கும் கேள்விகளுக்கு அலட்சியமாகத் தலையாட்டாதீர்கள். பேஸ்மேக்கர், மூளையில் போட்ட கிளிப், காதில் வைத்த காக்ளியர் கருவி, கண்ணில் எப்போதோ பட்ட இரும்புத் துகள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். வெல்டிங், லேத் வேலை பார்த்தவர்களுக்குக் கடைசிக் கேள்வி முக்கியம். காலில் முன்பு போட்ட டைட்டானியம் பிளேட் இருந்தால் பொதுவாக எடுக்கலாம், ஆனால் அதைச் சுற்றிப் படம் கலங்கும். ஸ்டீல் என்றால் இன்னும் மோசமாகக் கலங்கும். நம் வீடுகளில் பெரிய தகராறு தாலியும் மெட்டியும்தான். வருடக்கணக்கில் கழற்றாத மெட்டியை ஸ்கேன் அறை வாசலில் சோப்பு போட்டு இழுத்துக்கொண்டிருக்கும் காட்சியைப் பலமுறை பார்த்துவிட்டேன். முதல் நாளே வீட்டில் கழற்றிவிட்டு, தாலிக்கு மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு போவது நல்ல யோசனை. அரைஞாண் கொடியை ஆண்கள் மறந்துவிடுவார்கள். வெள்ளியானாலும் கழற்றிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ.யின் உண்மையான சிக்கல் அது அதிகமாகக் காட்டுவதுதான். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாமில் 50 முதல் 90 வயதுக்குள் இருந்த 991 பேரின் முழங்காலை எம்.ஆர்.ஐ.யில் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், 35 சதவீதம் பேருக்கு மெனிஸ்கஸ் கிழிசலோ சிதைவோ இருந்தது. அப்படி இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதத்தில் முழங்காலில் எந்த வலியும் இல்லை. முதுகில் இன்னும் வேடிக்கை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு. எனவே ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் வலிக்காக எடுத்த ரிப்போர்ட்டில் "கிழிசல்" என்று இருந்தால், நரைமுடியைப் பார்த்துப் பதறுவது போலத்தான் அதற்குப் பதறுவதும். முதலில் நின்றபடி ஒரு எக்ஸ்-ரே, தொடைத் தசைக்குப் பயிற்சி, சில வாரம் பொறுமை. அதற்கும் மசியாவிட்டால் எம்.ஆர்.ஐ.

குதிகால் வலிக்கு எக்ஸ்-ரே எடுத்து "முள் வளர்ந்திருக்கு" என்று பயப்படுவதும் இதே கதைதான், வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. சர்க்கரை உள்ளவருக்குத் தோள் இறுகிப்போனால் அதற்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை, டாக்டர் பிடித்துத் திருப்பினாலும் திரும்பவில்லை என்பதிலேயே விடை இருக்கிறது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தனியாரில் எம்.ஆர்.ஐ. என்றால் பல ஆயிரம். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற இடங்களில் அதில் ஒரு பகுதிதான் ஆகும். வரிசை நீளம், தேதி தள்ளிக் கிடைக்கலாம். பூட்டிக்கொண்ட முழங்காலுக்கு அது ஒத்துவராது, ஆறு மாத வலிக்கு ஒத்துவரும். எங்கே எடுத்தாலும் ஃபிலிமோடு படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்ஆப்பில் எடுத்து அமெரிக்காவில் இருக்கும் மருமகனுக்கு அனுப்பினால், பாவம், அவரால் என்ன சொல்ல முடியும்?

காத்திருக்கச் சொல்லி இவ்வளவு எழுதினேன். காத்திருக்கவே கூடாத ஒன்று இருக்கிறது. பாத்ரூமில் வழுக்கி விழுந்த எழுபது வயது அம்மா, இடுப்பில் வலி, எக்ஸ்-ரே சுத்தம், ஆனால் காலை ஊன்ற முடியவில்லை. "எக்ஸ்-ரேல ஒண்ணும் இல்லம்மா, கொஞ்சம் நடந்து பாருங்க" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். தொடை எலும்பின் கழுத்தில் விலகாமல் நிற்கும் முறிவு முதல் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போவது உண்டு. அது நடந்தால் விலகும், விலகினால் சின்ன அறுவை சிகிச்சை பெரியதாகிவிடும். அவரை நடக்கவைக்காமல் படுக்கவைத்து, அன்றைக்கே எம்.ஆர்.ஐ. கேளுங்கள். பேஸ்மேக்கர் இருக்கிறது, அல்லது மெஷின் கிடைக்க நாளாகும் என்றால் சி.டி. எடுத்துவிடுங்கள்.